கிளிப்லெஸ் பெடல் டென்ஷன்: வீட்டிலேயே செட் பண்றது எப்படி? எத்தனை கிளிக்?

குடந்தை_காற்று
வணக்கம். என்கிட்ட இருக்கிறது கிளிப்லெஸ் பெடல், அதாவது ஷூ அடியில திருகியிருக்கிற கிளீட்ங்கிற சின்னத் துண்டை ஸ்பிரிங்கால கவ்விப் பிடிக்கிற வகை. ஷிமானோ எம்520 பெடல், கூடவே வந்த எஸ்ஹெச்51 கிளீட், எம்டிபி (மலை சைக்கிள்) ஷூ. எடை 82 கிலோ. ஓட்டுறது பெரும்பாலும் கும்பகோணம் – பாபநாசம் – திருவையாறு, சில நாள் கல்லணை வரைக்கும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டியாச்சு. வலது கால் சுலபமா கழலுது, இடது கால் அடம் பிடிக்குது. ஸ்பிரிங் டென்ஷன், அதாவது பிடியோட இறுக்கம், எத்தனை கிளிக் வைக்கணும்? எடைக்கு ஏத்த மாதிரி சார்ட் எதுவும் இருக்கா? இறுக்கத்தை அளந்து திருகுற டார்க் ரெஞ்ச் கையில இல்ல, ஆலன் கீ செட் இருக்கு.

தஞ்சை_ஆலன்கீ
சார்ட் கிடையாது தம்பி. 82 கிலோவுக்கு இத்தனை கிளிக்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முதல் வேலை எல்லா ஸ்பிரிங்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர்றது.

எம்520 ரெண்டு பக்கமும் மாட்டுற பெடல். ஒரு பெடலுக்கு ரெண்டு ஸ்பிரிங், மொத்தம் நாலு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி போல்ட், 3 மி.மீ. ஆலன் கீ போதும். கடிகாரம் சுத்துற பக்கம் திருகினா இறுகும், எதிர்ப்பக்கம் தளரும். ஒரு முழுச் சுத்துக்கு நாலு கிளிக். பலர் ஒரு முகத்தை மட்டும் தளர்த்திட்டு நிறுத்திடறாங்க. அப்புறம் அந்தப் பக்கம் மாட்டினா சுலபம், பெடல் புரண்டு மறுபக்கம் மாட்டினா இறுக்கம். கால் எந்த முகத்துல மாட்டியிருக்குன்னு ஓட்டுறவருக்கே தெரியாது. சிக்னல்ல நிக்கும்போதுதான் தெரியும், அதுவும் விழுந்த பிறகு.

நாலையும் மினிமம் வரைக்கும் தளர்த்துங்க. போல்ட் பக்கத்துல இருக்கிற இன்டிகேட்டரைப் பார்த்துக்கிட்டே மெதுவா. மினிமத்தைத் தாண்டி இன்னும் சுத்தினா போல்ட் உள்ளே இருக்கிற தகட்டை விட்டு வெளியே வந்துடும். அப்புறம் அதைத் திரும்பப் பிடிக்க வைக்கிறது பெரிய தொல்லை, பிடிக்காம ஓட்டினா பெடலே ஆபத்து. மேக்ஸிமத்துக்கும் இதே எச்சரிக்கை. மினிமத்துல நிறுத்தி, அங்கிருந்து எண்ண ஆரம்பிங்க. நாலும் பூஜ்யம். முதல் சில வாரம் அப்படியே ஓட்டுங்க.

மாயூரம்_மெக்
ஆலன்கீ அண்ணன் சொன்னது சரி. ஆனா ஒரு கால் மட்டும் அடம் பிடிக்குதுன்னா ஸ்பிரிங்கைத் தொடறதுக்கு முன்னாடி ஷூவைத் திருப்பிப் பாருங்க. இறுக்கம்னு வர்ற புகார்ல பாதி ஸ்பிரிங்குல இருக்காது.

முதல்ல கிளீட் போல்ட். ரெண்டு போல்ட்ல ஒண்ணு தளர்ந்தாலோ விழுந்துட்டாலோ, நீங்க குதிகாலைத் திருப்புவீங்க, ஷூ திரும்பும், கிளீட் மட்டும் பெடலுக்குள்ள அப்படியே நிக்கும். மிச்சமிருக்கிற ஒரு போல்ட்டைச் சுத்தி ஷூ சுழலுதே தவிர கிளீட் சுழலாது. ஸ்பிரிங் பூஜ்யத்துல இருந்தாலும் கழலவே கழலாது. இது நடந்தா மேல மேல திருகாதீங்க. சைக்கிளை ஒரு கம்பத்துலயோ பாலத்துக் கைப்பிடியிலயோ சாய்ச்சு, ஷூ லேஸை அவுத்து காலை மட்டும் வெளியே எடுங்க. அப்புறம் ஷூவை நிதானமா கழட்டலாம்.

ரெண்டாவது, ஷூ அடிப்பாகத்து ரப்பர் பல்லு. கிளீட்டுக்கு ரெண்டு பக்கமும் பல்லு உயரமா இருந்தா பெடல் உடம்புல அமுங்கித் தேயும். அந்த உராய்வைத்தான் ஸ்பிரிங் இறுக்கம்னு நினைச்சுக்கிறோம். ஷூவைக் கையில பிடிச்சு பெடல்ல மாட்டி, கிளீட் ஓரத்துல ஒரு தபால் அட்டையை ரப்பருக்கும் பெடலுக்கும் நடுவுல நுழைச்சுப் பாருங்க. லேசா நுழையணும். நுழையலைன்னா கத்தியால ரப்பரைச் சீவணும், இல்லன்னா கிளீட்டுக்கு அடியில 1 மி.மீ. தகடு வைக்கணும்.

மூணாவது, கிளீட் கோணம். எஸ்ஹெச்51 கிளீட் குதிகாலை சுமார் 13 டிகிரி திருப்பினா கழலும். அதுக்கு முன்னாடி 4 டிகிரி சும்மா ஆடுற இடம், அதுதான் ஃப்ளோட். கிளீட்டையே கோணலா மாட்டியிருந்தா கால் ஏற்கெனவே ஒரு ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்கும். அப்போ வெளிப்பக்கம் கழட்ட ரொம்ப தூரம் திருப்ப வேண்டியிருக்கும். உள்பக்கம் லேசா அசைஞ்சாலே கழன்டுடும்.

திருச்சி_200கிமீ
எல்லாரும் மினிமம் மினிமம்னு சொல்றீங்க. 82 கிலோ ஆள் எழுந்து நின்னு மிதிச்சா மினிமத்துல கால் பிடுங்கிக்கிட்டு வராதா? ஒரு கால் திடீர்னு கழன்டா டாப் ட்யூப்ல (ஃபிரேமோட மேல் குழாய்ல) விழுறதும் ஆபத்துதானே.

தஞ்சை_ஆலன்கீ
வரலாம். அதனாலதான் பூஜ்யம் தொடக்கம்னு சொன்னேன், முடிவுன்னு சொல்லல. ஆனா எழுந்து மிதிக்கும்போது கழலுறதுக்கு எடையைவிடக் கால் ஆட்டம்தான் காரணம். மிதிக்கும்போது குதிகால் உள்ளேயும் வெளியேயும் ஆடுற பழக்கம் இருந்தா 60 கிலோ ஆளுக்கும் கழலும். நேரா மிதிக்கிற 90 கிலோ ஆளுக்குக் கழலாது.

டெல்டாவுல எழுந்து மிதிக்க வேண்டிய மேடு எங்க இருக்கு? கொள்ளிடம் பாலத்து ஏற்றத்தை விட்டா மேடே கிடையாது. இங்க டென்ஷன் கூட்டணும்னு தோணுற ஒரே இடம் எதிர்க்காத்துல ஸ்பிரிண்ட் அடிக்கிறவங்களுக்கு. அவங்க நாலு ஸ்பிரிங்லயும் ஒவ்வொரு கிளிக்கா ஏத்தட்டும். ஒரு ரைடுக்கு ஒரு கிளிக்குக்கு மேல வேண்டாம்.

பனிமலை_சோழன்
சார்ட் கேள்வி எங்கிருந்து வருதுன்னு சொல்றேன், நான் இருக்கிற ஊர்ல பனிச்சறுக்கு சகஜம். பூட்ஸை ஸ்கீ பலகையோட பிடிச்சு வைக்கிற ஸ்கீ பைண்டிங்குக்கு நிஜமாவே அட்டவணை உண்டு. எடை, உயரம், வயசு, பூட்ஸ் அடி நீளம், எவ்வளவு வேகமா சறுக்குறவர் – இத்தனையும் பார்த்து ஒரு எண் எடுப்பாங்க. டின் எண்ணுன்னு பேச்சுவழக்கு. அந்த எண்ணைத் திருகி வச்ச பிறகும் கடையில மெஷின்ல வச்சு எவ்வளவு விசையில விடுதுன்னு அளந்து பார்க்கணும். வீட்டுல ஸ்க்ரூடிரைவரால திருப்பிட்டு மலைக்குப் போறது முட்டாள்தனம்.

வித்தியாசம் இதுதான். ஸ்கீயில விழும்போது பைண்டிங் தானா விடணும். விடலைன்னா நீளமான ஸ்கீ காலை முறுக்கி முழங்கால் கீழ் எலும்பையே உடைச்சிடும். சைக்கிள் பெடலை ஓட்டுறவர் தானே திருப்பிக் கழட்டுறார். அதனால இதுல எடைக்குக் கணக்கு இல்ல, உங்க கணுக்காலுக்கும் பழக்கத்துக்கும்தான் கணக்கு.

ரெண்டும் உறவுக்காரங்கதான். பிரான்ஸ்ல நெவேர்ல இருக்கிற லுக் கம்பெனி ஸ்கீ பைண்டிங் பண்ணிக்கிட்டிருந்தது. அந்த அனுபவத்தை வச்சு 1984ல பெடல் கொண்டுவந்தாங்க. 1985 டூர் டி ஃபிரான்ஸை பெர்னார்ட் ஈனோ அந்தப் பெடல்லதான் ஜெயிச்சார்.

குடந்தை_காற்று
மெக் அண்ணே, தபால் அட்டை இடது ஷூவுல நுழையல. வலதுல நுழையுது. கிளீட் போல்ட் ரெண்டும் இறுக்கமாத்தான் இருக்கு. சீவறதா, தகடா?

மாயூரம்_மெக்
அப்போ இடது கிளீட் அடியில பாருங்க. ஷூ ரெண்டும் ஒரே மாதிரிதான் வரும். ஒரு பக்கம் மட்டும் நுழையலைன்னா இடது கிளீட் ஒரு பக்கமா நகர்ந்து உக்காந்திருக்கும், அதனால அந்தப் பக்கத்து ரப்பர் பெடலைத் தொடும். வலதுல எங்க இருக்கோ அதே இடத்துக்கு இடதையும் கொண்டுவாங்க. அப்பவும் நுழையலைன்னா சீவுங்க. தேய்ஞ்ச இடத்துல ரப்பர் பளபளன்னு இருக்கும், அங்க மட்டும் மெல்லிசா. ஒரே தடவைல வெட்டி எடுத்துடாதீங்க. தகடு வச்சா போல்ட் உள்ளே பிடிக்கிற நீளம் குறையும், அப்போ நீளமான போல்ட்டும் தேடணும்.

கிளீட் போல்ட் எம்5, 4 மி.மீ. ஆலன் கீ. இறுக்கம் 5–6 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லன்னா ஆலன் கீயோட குட்டைக் கையை போல்ட்ல வச்சு, நீளக் கையை முனையில ரெண்டு விரலால இழுங்க. உள்ளங்கையால அமுக்கினா அதிகம். ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி இறுக்கணும், ஒண்ணை முழுசா இறுக்கிட்டு மத்தது கூடாது. முதல் 50 கி.மீ. ஓட்டின பிறகு மறுபடி ஒரு தடவை பாருங்க. கிளீட்டோட பல்லு ஷூ அடியில பதியும்போது போல்ட் தளரும், எல்லா ஷூவுலயும் இது உண்டு.

வெண்ணாறு_வளவன்
இடது, வலது ஒரே அளவா இருக்கான்னு கையால சொல்ல முடியாது. பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு இருந்தா அளக்கலாம்.

சைக்கிளைச் சுவரோரமா நிறுத்தி, பெடலை கீழ் நிலைக்குக் கொண்டுவந்து, காலில்லாத ஷூவை கையால அமுக்கி மாட்டுங்க. ஒருத்தர் கிராங்கை (பெடல் மாட்டியிருக்கிற கையை) பிடிச்சுக்கணும். ஷூ குதிகால்ல ஒரு நாடாவைச் சுத்தி, தராசுக் கொக்கியை மாட்டி, ஷூவுக்குச் செங்குத்தா வெளிப்பக்கம் மெதுவா இழுங்க. 'டக்'னு கழலும்போது தராசு காட்டின அதிகபட்ச எண்ணைக் குறிங்க. வெடுக்குன்னு இழுத்தா எண் பொய். ஒவ்வொரு முகத்துக்கும் மூணு தடவை.

கிளீட் நடுவுலிருந்து நாடா வரைக்கும் 18 செ.மீ., தராசு 5 கிலோ காட்டுதுன்னா: 5 × 9.8 × 0.18 = 8.8 நியூட்டன் மீட்டர். இந்த எண்ணை மத்தவங்க பெடலோட ஒப்பிடாதீங்க. மேல ஆள் எடை இல்லாம அளக்கிறோம், ஷூ நீளமும் வேற. உங்க நாலு முகமும் அரை கிலோ வித்தியாசத்துக்குள்ள இருந்தா போதும். அந்த அளவுக்குள்ள வராத முகத்துல ஒரு கிளிக் கூட்டியோ குறைச்சோ சரி பண்ணுங்க. கிளிக் எண்ணிக்கை சமமா இருந்தும் இழுவை வேறயா வந்தா, அந்த முகத்துல அழுக்கோ, துருவோ, தேய்மானமோ இருக்குன்னு அர்த்தம்.

நாகை_உப்புக்காத்து
அழுக்குன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க. நம்ம பக்கத்துல அதுதான் பாதி கதை.

ஐப்பசி, கார்த்திகையில வயல் ஓரம் ஒரு தடவை கால் ஊனினா போதும், டெல்டா களிமண் கிளீட்டுக்கும் ஷூவுக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும். ஈரமா இருக்கும்போது கிளீட் மாட்டவே மாட்டாது. காய்ஞ்சா இன்னும் மோசம், பாதி மாட்டின நிலையில நிக்கும், மாட்டிருச்சுன்னு நினைச்சு மிதிப்போம், வழுக்கும். பாட்டில் தண்ணியை ஊத்தி, ஷூ அடியைப் பெடல் ஓரத்துல ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் மாட்டணும். டென்ஷனைக் குறைச்சு இதைச் சரி பண்ண முடியாது. மழை மாசத்துல மண் ரோட்டுப் பக்கம் போறவங்க சாதா தட்டைப் பெடலுக்கு மாறிடறது உத்தமம்.

வீட்டுக்கு வந்ததும் பழைய டூத்பிரஷ்ஷால ஸ்பிரிங் இடுக்கு, கிளீட் பிடிக்கிற தாடை ரெண்டையும் தண்ணி விட்டுக் கழுவி, துடைச்சு, நிழல்ல காயவைங்க. அப்புறம் தாடை அசையுற கீல்லயும் ஸ்பிரிங்லயும் செயின் ஆயில் ஒரு சொட்டு. தெளிப்பான் டப்பா எண்ணெயை மட்டும் அடிச்சுட்டு விட்டா ரெண்டு நாள்ல காய்ஞ்சு, இருந்த எண்ணெயும் போயிருக்கும். கிரீஸைத் தாடையில அப்பாதீங்க, அது மண்ணைக் கூப்பிட்டு வச்சுக்கும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் ஓட்டுறவங்களுக்கு உப்புக்காத்து வேற. டென்ஷன் போல்ட் துருப்பிடிச்சு அசையலைன்னா ஆலன் கீயில பைப் போட்டுத் திருப்பாதீங்க, 3 மி.மீ. குழி உருண்டுடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்க. கிளீட் போல்ட் மரையில கிரீஸ் லேசா தடவி மாட்டினா அடுத்த வருஷம் கழட்ட வரும். மரை பூட்டும் நீலப் பசை போடறவங்க கிரீஸ் போடக்கூடாது, ரெண்டுல ஒண்ணுதான்.

மன்னை_ரோடி
ரோடு பெடல் வச்சிருக்கிறவங்களுக்கும் ரெண்டு வரி. ஷிமானோவோட ரோடு பெடல் வகையான எஸ்பிடி-எஸ்எல் ஒரு பக்கம் மட்டும் மாட்டுறது, ஒரு பெடலுக்கு ஒரே போல்ட். மாடலைப் பொறுத்து 2.5 அல்லது 3 மி.மீ. ஆலன் கீ. டென்ஷனைவிடக் கிளீட் நிறம்தான் இங்க முக்கியம்: மஞ்சள் 6 டிகிரி ஆடும், நீலம் 2, சிவப்பு ஆடவே ஆடாது. முழங்கால் வலிக்குதுன்னு டென்ஷனைக் குறைக்கிறவங்க சிவப்புக் கிளீட்டோட ஓட்டிக்கிட்டிருப்பாங்க. லுக் கம்பெனியோட கியோ ரோடு பெடல்ல கணக்கு வேற: சிவப்பு 9, சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். ஒரு கம்பெனி சிவப்பை இன்னொரு கம்பெனி சிவப்புன்னு நினைச்சு வாங்கிடாதீங்க.

லுக் கியோ பிளேடுல ஸ்பிரிங் இல்ல, கார்பன் பட்டை. திருகிச் சரி பண்ற வேலை கிடையாது, பட்டையையே மாத்தணும். கிராங்க் பிரதர்ஸ் கம்பெனிப் பெடல்லயும் டென்ஷன் போல்ட் கிடையாது. இடது, வலது கிளீட்டை ஷூ மாத்தி மாட்டினா கழலும் கோணம் 15க்கும் 20க்கும் நடுவுல மாறும். களிமண் தாங்குறதுல அதுதான் கெட்டி.

பிளாஸ்டிக் கிளீட்டோட நடந்து போய் டீ குடிக்கிறவங்க கவனிங்க: முன் உதடு தேய்ஞ்சாலோ விரிசல் விட்டாலோ மிதிச்சு மேல தூக்கும்போது கழன்டு வரும். அதுக்கு டென்ஷனை ஏத்தினா ஒரு வாரம் தாங்கும், அப்புறம் இன்னும் மோசமா கழலும். கிளீட்டை மாத்துங்க.

திருச்சி_200கிமீ
எம்520ல எஸ்ஹெச்56 போட்டா பல திசையில கழலும், தொடக்கக்காரங்களுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

தஞ்சை_ஆலன்கீ
நல்லதும் உண்டு, வில்லங்கமும் உண்டு. எஸ்ஹெச்56 மேல வெடுக்குன்னு இழுத்தாலும் கழலும். பயத்துல காலை மேல தூக்குறவங்களுக்கு அது காப்பாத்தும். ஆனா எழுந்து மிதிக்கும்போது மேல இழுத்தாலும் அதே மாதிரி கழலும். அதைப் போடறவங்க மினிமத்துல விடாம ரெண்டு, மூணு கிளிக் ஏத்திக்கணும், உக்காந்தே மிதிக்கணும். குதிகாலைத் திருப்புற பழக்கமும் அதுல வராது. என் அபிப்பிராயம், எஸ்ஹெச்51ல பூஜ்யத்துல பழகுறது மேல்.

வெண்ணாறு_வளவன்
பழகுறதைப் பத்தி யாரும் சொல்லல. ஜன்னல் கம்பியையோ சுவரையோ பிடிச்சுக்கிட்டு சைக்கிள் மேல உக்காந்து, ஒவ்வொரு காலையும் இருபது தடவை மாட்டிக் கழட்டுங்க. பெடல் கீழ் நிலையில இருக்கும்போது குதிகாலை வெளியே தள்ளணும். மேல இழுத்துக்கிட்டே திருப்பினா கிளீட் தாடையில இறுகி உராயும். லேசா கீழ அமுக்கி, அப்புறம் திருப்புங்க. இருபதுல ஒண்ணு சிக்கினாக்கூட ரோட்டுக்குப் போகாதீங்க, காரணத்தைக் கண்டுபிடிங்க.

எந்தக் கால் முதல்ல கழட்டணும்னா, சாதா ரோட்டுல இடது, அந்தப் பக்கம்தான் ஓரம். கல்லணைக் கால்வாய்க் கரையிலயோ வெண்ணாத்துக் கரையிலயோ போகும்போது இடப்பக்கம் சரிவும் தண்ணியுமா இருக்கலாம், அங்க வலது. ரெண்டு காலும் சமமாக் கழலணும்னு இவ்வளவு பேசுறது இதுக்குத்தான்.

அறுவடைக் காலத்துல ரோட்டுல நெல்லு காயும், வைக்கோல் பரப்பியிருக்கும், உளுந்துச் செடி போட்டிருப்பாங்க. வைக்கோல் மேல ஏறின பிறகு கழட்டப் பார்க்காதீங்க. 20, 30 மீட்டர் முன்னாடியே ஒரு காலைக் கழட்டி, கியரைக் குறைச்சு, திருப்பாம நேரா போங்க.

குடந்தை_காற்று
இடது கிளீட் 2 மி.மீ. உள்பக்கம் நகர்ந்துதான் இருந்தது. சரி பண்ணி, நாலு முகமும் மினிமம். தராசுல வலது 4.2, 4.3, இடது 4.4, 5.3. அந்த 5.3 வர்ற முகம் மட்டும் ஒத்துவரல, அதுவும் மினிமத்துலதான் இருக்கு. இன்னொண்ணு, இடது ஷூவுல ஒரு கிளீட் போல்ட் குழி உருண்டு போச்சு, ஆலன் கீ வழுக்குது.

மாயூரம்_மெக்
5.3 முகத்தைக் கழுவி எண்ணெய் விட்டு மறுபடி அளங்க. புதுப் பெடல்னா கொஞ்ச நாள் மாட்டிக் கழட்டினாலே படிஞ்சுடும். மத்த மூணையும் அதுக்காக ஏத்தாதீங்க.

உருண்ட போல்ட்டுக்கு: குழிக்குள்ள காய்ஞ்ச மண்ணை ஊக்கு முனையால முழுசா நோண்டி எடுங்க, சில சமயம் ஆலன் கீ ஆழமா இறங்காததுதான் காரணம். உருண்டைத் தலை ஆலன் கீ வேண்டாம், நேர் முனையே போதும். அப்பவும் வழுக்கினா டி25 நட்சத்திர பிட்டை குழியில வச்சு சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி இறக்கித் திருப்புங்க, வந்துடும். அந்த போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க. புது எம்5 வாங்கும்போது பழைய நீளத்தையே வாங்குங்க. நீளமானது ஷூவுக்குள்ள மேல முட்டி பாதத்தைக் குத்தும், குட்டையானது நாலு மரை கூடப் பிடிக்காது.

குடந்தை_காற்று
டி25 வேலை செஞ்சுது. கழுவி எண்ணெய் விட்ட பிறகு அந்த முகம் 4.6. பெடலைக் கிராங்குலிருந்து கழட்டி கிரீஸ் போட்டு மாட்டலாம்னு பார்க்கிறேன், இடது பெடல் அசையவே மாட்டேங்குது.

தஞ்சை_ஆலன்கீ
இடது பெடல் மரை தலைகீழ். கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழலும். இதுவரை எந்தப் பக்கம் திருப்பினீங்களோ அதுல இன்னும் இறுகியிருக்கும். எம்520க்கு 15 மி.மீ. ஸ்பேனர், நீளக் கையா பார்த்து வாங்குங்க. திரும்ப மாட்டும்போது மரையில கிரீஸ் போட்டு முதல் நாலு சுத்தைக் கையாலயே ஏத்துங்க, ஸ்பேனரால தொடங்கினா கிராங்க் மரை போயிடும். இறுக்கம் 35லிருந்து 55 நியூட்டன் மீட்டர்.

நெறியாளர்
ஷூ விலை, எந்தக் கடையில கிடைக்கும்ங்கிற கேள்விகளை வாங்க-விற்க பகுதியில கேளுங்க. இங்க வந்த மூணு பதிவை அங்க நகர்த்தியிருக்கேன்.